ஊர் கூடும் நாள்: அம்மன் திருவிழாச் சொற்களும் சிற்றூர்ச் சமுதாயமும்

தமிழ்ச் சிற்றூர்களில் ஆண்டுக்கு ஒருமுறை நிகழும் அம்மன் திருவிழாவை வழிபாடு என்னும் ஒரு கோணத்திலேயே நோக்குவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. வழிபாடு அதன் உயிர்நிலை என்பதில் ஐயமில்லை. ஆயினும், அவ்விழா ஊருக்குச் செய்துவந்த வேறொரு பணியும் உண்டு. இவ்வூரைச் சேர்ந்தவர் யார், ஒவ்வொருவரும் ஊருக்குக் கொடுக்க வேண்டியது என்ன, ஊரிடமிருந்து பெறத்தக்கது என்ன என்பவற்றை ஆண்டுதோறும் கணக்கிட்டு, எல்லார் முன்னிலையிலும் உறுதிசெய்த நாள் அது. அக்கணக்கில் சேர்க்கப்பட்டோரும் இருந்தனர், விடுபட்டோரும் இருந்தனர். இரு சாராரையும் ஒருங்கே வைத்து நோக்கினால்தான் திருவிழாவின் சமுதாய வரலாறு நமக்கு விளங்கும்.

இவ்வரலாற்றுக்குச் சான்றுகள் எங்கே உள்ளன? பெருங்கோயில்களின் சுவர்களில் கல்வெட்டுகள் உள்ளன. விழாவுக்கு விடப்பட்ட நிலமும் விளக்குக்கு அளிக்கப்பட்ட நெய்யும் அவற்றில் பதிவாகியிருக்கின்றன. சிற்றூர் அம்மன் கோயில்களுள் பெரும்பாலானவற்றுக்கு அத்தகைய ஆவணங்கள் இல்லை. வேப்பமரத்தடியில் நட்ட கல்லாகவும் மண் பீடமாகவும் தொடங்கியவை அவை. அவற்றின் வரலாறு மக்கள் நாவில் வழங்கும் சொற்களில் தங்கியிருக்கிறது. ஆகவே, விழாச் சொற்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவற்றின் வழியே சிற்றூர் வாழ்வைக் காண இவ்வுரையில் முயல்வோம். அச்சொற்கள் கடல் கடந்து மலாயாத் தோட்டங்களுக்கு வந்தபோது நேர்ந்த மாற்றத்தையும் இறுதியில் கருதுவோம்.

விழாவின் பெயர்கள்

சங்க இலக்கியத்தில் விழாவைக் குறிக்க ‘விழவு’, ‘சாறு’ ஆகிய சொற்கள் வழங்கின. ‘விழவு’ இன்று ‘விழா’வாக நம்மிடம் உள்ளது, ‘சாறு’ அப்பொருளில் வழக்கிழந்தது. இன்றைய சிற்றூர் மக்கள் தங்கள் அம்மன் விழாவை அழைக்கும் பெயர்களோ வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடுகின்றன. திருநெல்வேலி, கன்னியாகுமரி வட்டாரங்களில் அது ‘கொடை’. கொங்கு நாட்டில் அது ‘நோம்பி’. விருதுநகர்ப் பகுதியில் ‘பங்குனிப் பொங்கல்’ என்றால் அது அம்மன் திருவிழாவையே குறிக்கும். வட மாவட்டங்களில் ஆடி மாதத்து விழாவைக் ‘கூழ் வார்த்தல்’ என்கின்றனர்.

‘நோம்பி’ என்பது ‘நோன்பு’ என்னும் பழஞ்சொல்லின் திரிபு. பகர மெய்க்கு முன் நின்ற னகரம், இதழால் ஒலிக்கும் அப்பகரத்துக்கு இயைய மகரமாயிற்று. ஒலி திரிந்ததே ஒழிய, அடங்கியிருத்தல் என்னும் பொருள் முற்றும் மாறவில்லை. ‘கொடை’ என்பது கொடுத்தலைச் சுட்டுகிறது. ‘பொங்கல்’, ‘கூழ்’ ஆகியவை உணவைச் சுட்டுகின்றன. இந்நான்கு பெயர்களையும் ஒருசேர வைத்துப் பார்த்தால், ஊரார் விழாவில் ஏற்ற மூன்று கடமைகள் புலப்படுகின்றன: கொடுத்தல், நோற்றல், கூடி உண்ணல். ஒவ்வொரு வட்டாரமும் இவற்றுள் ஒன்றைப் பெயராக்கிக்கொண்டது. செயலில் மூன்றும் எல்லா இடத்திலும் உண்டு.

சாட்டுதலும் காப்பும்

விழாவின் தொடக்கம் ‘சாட்டுதல்’. ‘நோன்பு சாட்டுதல்’, ‘பூச்சாட்டு’ என்றெல்லாம் வழங்கும் இச்சொல் அறிவித்தலைக் குறிக்கும். இலக்கிய வழக்கில் ‘சாற்றுதல்’ என்பதும் இதே பொருளது. பறை முழக்கி ஊரறிய விழாவை அறிவிப்பது மிகப் பழைய மரபு. மணிமேகலைக் காப்பியத்தின் முதற்காதைக்கு ‘விழாவறை காதை’ என்றே பெயர். புகார் நகரில் இருபத்தெட்டு நாள் நிகழும் இந்திர விழாவை முரசறைவோன் அங்கு அறிவிக்கிறான். தெருக்களை அழகுசெய்யுமாறு கூறும் அவன், விழா நாள்களில் பகையும் பூசலும் கொள்ளாது விலகியிருக்குமாறும் மக்களுக்குச் சொல்கிறான். விழா மக்களைச் சேர்க்கும். சேரும் இடத்தில் பூசலும் எழும். இவ்வுண்மையை அந்த அறிவிப்பை இயற்றிய புலவர் நன்கு அறிந்திருந்தார்.

சாட்டிய பின் ‘காப்புக் கட்டு’. மஞ்சள் தோய்த்த நூலை அம்மனுக்கும் பூசாரிக்கும் நோன்பிருப்போருக்கும் கட்டுவர். காப்புக் கட்டிய பின் ஊரார் வெளியூரில் இரவு தங்கலாகாது என்பது பரவலான கட்டுப்பாடு. வெளியூர் சென்றிருப்போர் அதற்குள் திரும்பிவிட வேண்டும். திருமணம் முதலிய நிகழ்ச்சிகள் தள்ளிவைக்கப்படும். மணமாகிச் சென்ற பெண்கள் பிறந்த வீட்டுக்கு அழைக்கப்படுவர். இக்கட்டுப்பாட்டின் சமுதாயப் பயன் தெளிவானது. பிழைப்புக்காகப் பல திசைகளில் சிதறியவர்கள் ஓர் எல்லைக்குள் வந்து சேர்கின்றனர். ஊர் எதுவரை என்பதையும் ஊரார் யாவர் என்பதையும் காப்பு நூல் வரையறுத்துவிடுகிறது.

தலைக்கட்டும் வரியும்

ஊரார் கூடியபின் செலவுக்கு வழி காண வேண்டும். தென் மாவட்டங்களில் இதற்குத் ‘தலைக்கட்டு வரி’ என்று பெயர். மணமான ஆண் ஒருவனைத் தலைவனாகக் கொண்ட குடும்பமே ஒரு ‘தலைக்கட்டு’. செல்வரோ வறியரோ, தலைக்கட்டு ஒன்றுக்கு இவ்வளவு எனத் தொகை வகுப்பர். மணமாகித் தனிக்குடும்பமான இளைஞன் முதன்முறை வரி கொடுக்கும்போது, அவன் ஊரின் முழு உறுப்பினன் ஆகிறான். வரி பெறுவது ஏற்றுக்கொள்வதன் அடையாளம். ஊர்க்கட்டுப்பாட்டை மீறியவர் என ஒருவரைத் தண்டிக்க விரும்பியபோது, ஊர் அவரிடம் வரி வாங்க மறுத்தது. பணம் கொடுக்க முடியாமையைவிட, கொடுத்த பணத்தை வாங்க மறுப்பதே பெரிய இழிவாகக் கருதப்பட்டது. வரி என்னும் சொல்லுக்கு அரசுக்குச் செலுத்தும் கட்டாயத் தொகை என்று பொருள் கொள்ளும் நம் மாணவர்களுக்கு, அதுவே உரிமையின் சான்றாகவும் இருந்தது என்பதை விளக்க வேண்டும்.

இக்கணக்கில் ஒரு குறை இருந்தது. தலைக்கட்டு என்பது ஆணை வைத்து எண்ணிய அலகு. கணவனை இழந்த பெண் நடத்தும் குடும்பம் பல ஊர்களில் முழுத் தலைக்கட்டாகக் கொள்ளப்படவில்லை. வரிச்சுமையைக் குறைத்தது இரக்கம் எனலாம். ஆனால், வரியே உரிமையாக இருந்த இடத்தில், வரி குறைந்தவருக்கு உரிமையும் குறைந்தது.

முளைப்பாரி

வரிக் கணக்கில் குறைத்து எண்ணப்பட்ட பெண்களே விழாவின் நடுநாயகமான சடங்கொன்றை நடத்தினர். மதுரை, இராமநாதபுரம் முதலிய வட்டாரங்களில் அதனை ‘முளைப்பாரி’ என்பர். மண்ணும் எருவும் இட்ட ஓடுகளில் பயறு, மொச்சை முதலிய விதைகளைத் தூவி, வெயில் படாத அறையில் வைத்து, நாள்தோறும் நீர் தெளித்து வளர்ப்பர். மாலைதோறும் பெண்கள் கூடிக் கும்மி கொட்டுவர். விழா நாளில் வெளிறிய மஞ்சட்பச்சையாக உயர்ந்து நிற்கும் முளைகளைத் தலையில் ஏந்தி ஊர்வலமாகச் சென்று நீர்நிலையில் கரைப்பர். முளை செழித்தால் அவ்வாண்டு மழையும் விளைவும் செழிக்கும் என்பது நம்பிக்கை. விதையின் முளைப்புத் திறனைச் சோதிக்கும் உழவர் அறிவு இச்சடங்கில் பொதிந்துள்ளது என்று கருதுவோரும் உளர்.

இதன் பழமைக்குச் சிலப்பதிகாரம் சான்று. கோவலன் கண்ணகி திருமணத்தைக் கூறும் மங்கல வாழ்த்துப் பாடலில், முளைத்த பாலிகைகளை மகளிர் ஏந்தி நிற்கும் காட்சி வருகிறது. அங்கு அது வணிகர் இல்லத்து மங்கலப் பொருள். இங்கு அது உழவர் ஊரின் பொதுச் சடங்கு. மேலும், முளைப்பாரி வளர்க்கும் வீட்டில் கூடும் பெண்கள் அந்நாள்களில் தம்முள் ஒரு சபையாயினர். ஊர்க்கூட்டத்தில் பேசும் உரிமை பெறாதவர்களின் குறைகளும் வேண்டுதல்களும் கேலிகளும் கும்மிப் பாட்டில் இடம்பெற்றன.

பணியும் மரியாதையும்

ஒரு விழா நடந்தேறப் பலரது தொழில் வேண்டும். அக்கினிச் சட்டியும் மண்ணுருவும் செய்யக் குயவர், பந்தமும் மாற்றுத் துணியும் தர வண்ணார், தேரைச் செப்பனிடத் தச்சரும் கொல்லரும், பூத்தொடுக்கப் பண்டாரம், பறை முழக்கப் பறையர் எனப் பணிகள் பகுக்கப்பட்டிருந்தன. சிவகங்கை, புதுக்கோட்டைப் பகுதிகளில் ஐயனாருக்கு மண் குதிரை எடுக்கும் புரவியெடுப்பின்போது, ஊரார் முதலில் வேளாரிடம் ஒரு பிடி மண்ணைக் கொடுப்பர். இதற்குப் ‘பிடிமண் கொடுத்தல்’ என்று பெயர். அந்த மண் கைமாறாமல் விழா தொடங்காது. தொழில் செய்வோரின்றி ஊர் இல்லை என்பதை ஊரே ஒப்புக்கொள்ளும் தருணம் அது.

இப்பங்கீட்டின் மறுபக்கத்தையும் மறைக்காமல் கூற வேண்டும். ‘முதல் மரியாதை’, ‘பரிவட்டம்’, ‘காளாஞ்சி’ என்னும் சொற்கள் ஊரின் படிநிலையை வெளிப்படையாக அறிவித்தன. யாருக்கு முதலில் திருநீறு, யார் தலையில் பரிவட்டம், யார் கையில் தேர்வடம் என்னும் வினாக்கள் நிலவுடைமையோடும் சாதியோடும் பிணைந்திருந்தன. பறை முழக்கியவர்க்கு அப்பணி கட்டாயமாயிற்று. அவர் முழக்கிய பறையின் ஒலி சென்ற கருவறை வாயிலுக்கு அவர் செல்ல முடியவில்லை. விழாவுக்கு இன்றியமையாதவராகவும் விழாவில் விலக்கப்பட்டவராகவும் ஒரே மனிதரை ஊர் ஆக்கிவைத்தது.

இருபதாம் நூற்றாண்டில் இந்நிலை எதிர்க்கப்பட்டது. 1939 சூலை 8 அன்று அ. வைத்தியநாதையர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தனர். 1947இல் சென்னை மாகாணக் கோயில் நுழைவு அனுமதிச் சட்டம் வந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. சட்டம் கோயில் வாயிலைத் திறந்தது. விழாவின் மரியாதை வரிசை அவ்வளவு எளிதில் மாறவில்லை. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில், சொர்ணமூர்த்தீசுவரர் கோயில் தேர்வடத்தைத் தொட்டு இழுக்கும் உரிமையைத் தலித் மக்கள் கோரியதால் 1990களின் இறுதியில் எழுந்த பூசல் உயர் நீதிமன்றம் வரை சென்றது. தேர் பல ஆண்டுகள் ஓடாமலே நின்றது. ஒரு கயிற்றைத் தொடுவதற்கு இத்துணைப் போராட்டமா எனச் சிலர் வியக்கலாம். வடம் தொடும் கை ஊரைச் சேர்ந்த கை என்பதே அங்குப் பொருள். எனவே, அப்போராட்டம் ஊரில் இடம் கேட்கும் போராட்டமாகும்.

நோய் நீங்கியும் நீங்காத விழா

மாரியம்மன் வழிபாட்டை அம்மை நோயின் அச்சத்தால் விளைந்தது என்று மட்டும் விளக்குவோர் உளர். நோயின் பெயரும் தாயின் பெயரும் ‘அம்மை’ என ஒன்றாய் அமைந்தமையும், கொப்புளத்தை ‘முத்து’ என்றமையும், நோய் கண்ட வீட்டில் ‘அம்மா வந்திருக்கிறாள்’ என்றமையும் அவ்விளக்கத்துக்கு இடம் தருகின்றன. கொடிய நோயை நேரே பெயர் சொல்லாது மங்கலச் சொல்லால் சுட்டியதை, நன்னூலார் மங்கலம் என்று வகுத்த வழக்கோடு ஒப்பிடலாம்.

ஆனால், இந்தியாவில் பெரியம்மையின் இறுதி நோயாளிகள் காணப்பட்ட ஆண்டு 1975. உலகினின்றும் அந்நோய் ஒழிந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. நோய் அச்சமே முழுக்காரணமாயின், விழா அதன்பின் மெலிந்திருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. சமயபுரத்துப் பூச்சொரிதலுக்கும் சித்திரைத் தேருக்கும் இன்றும் மக்கள் திரள்கின்றனர். சிற்றூர்களில் காப்புக் கட்டு தொடர்கிறது. சென்னையிலும் திருப்பூரிலும் வேலை செய்வோர் ஊர்த்திருவிழாவுக்கு விடுப்பெடுத்துத் திரும்புகின்றனர். விழா வேறு பணிகளையும் செய்துவந்தது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டா.

கடல் கடந்த சொற்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர் இந்நிலப்பகுதிக்கு வந்தபோது அம்மனும் உடன் வந்தாள். சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் 1827இல் நாராயண பிள்ளை முயற்சியால் தோன்றியது. கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயில் 1873இல் தம்புசாமிப் பிள்ளையால் நிறுவப்பட்டது. சிங்கப்பூர்க் கோயிலில் ஐப்பசியில் நிகழும் தீமிதி, தமிழ்நாட்டு வட மாவட்டங்களிலும் சோழ நாட்டிலும் பரவியுள்ள திரௌபதியம்மன் விழாவின் கிளையாகும். நகரக் கோயில்களினும் நம் ஆய்வுக்கு மிகுதியும் உதவுவன தோட்டக் கோயில்களே.

இரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் திரட்டினர். 1938இல் இந்திய அரசு தடைசெய்யும்வரை அம்முறை நீடித்தது. தன் ஊரிலிருந்தும் அண்டை ஊர்களிலிருந்தும் கங்காணி அழைத்து வந்தோர் வரிசை வீடுகளில் குடியமர்ந்தனர். முதல் தலைமுறையினர்க்கு ‘ஊர்’ என்னும் சொல் கடலுக்கு அப்பாலுள்ள இடத்தையே குறித்தது. ‘ஊருக்குப் போகிறேன்’ என்றால் தமிழ்நாட்டுக்குச் செல்வதாகவே பொருள். ஆயினும், தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் காப்புக் கட்டியபோது, தோட்டமே ஊராயிற்று.

அங்குச் சொற்கள் நிலைத்தன. அவற்றின் பொருள்களோ பெயர்ந்தன. முதல் மரியாதை நிலக்கிழாரிடமிருந்து பெரிய கங்காணிக்கு மாறியது. விழா நாளைக் குறிக்கத் துரையின் இசைவு வேண்டியிருந்தது. பல தோட்டங்களில், தலைக்கட்டு வரியின் இடத்தில், சம்பள நாளன்று கூலியிலிருந்து பிடிக்கும் தொகை வந்தது. இம்மாற்றத்தில் ஒன்றைக் கருத வேண்டும். தோட்டத்தில் பெண்களும் பால்மரம் வெட்டித் தம் பெயரில் கூலி பெற்றனர். சிற்றூரில் ஆணை வைத்து எண்ணிய கணக்கு, உழைப்போரை வைத்து எண்ணும் கணக்காக மாற இங்கு ஒரு வழி பிறந்தது. அவ்வழி முற்றும் பயன்பட்டது என்று சொல்வதற்கில்லை. கோயிற் பொறுப்புகள் ஆண்களிடமே தங்கின.

சாதி வேற்றுமையும் உடன் வந்தது. அதற்கான எதிர்ப்பும் வந்தது. 1929 இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. அதன் முன்னணியில் நின்ற கோ. சாரங்கபாணி 1935இல் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கினார். சீர்திருத்தக்காரர் பழைய விழாக்களின் சடங்குகளைக் கடிந்தனர். எனினும், விழா என்னும் அமைப்பின் வலிமையை அவர்கள் உணர்ந்தே இருந்தனர். 1952இல் சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழர் திருநாள்’ அதற்குச் சான்று. பொங்கலை ஒட்டி, சாதி சமய வேறுபாடின்றித் தமிழர் அனைவரும் கூடுவதற்கென அவர் அதனை வகுத்தார். வழிபாட்டை விடுத்து, ஊரைக் கூட்டும் பணியை மட்டும் அது எடுத்துக்கொண்டது. பழைய ஊர்த்திருவிழா வரைந்த எல்லையை மொழியின் எல்லைவரை விரிக்க அவர் முயன்றார் என நாம் கொள்ளலாம்.

இனிச் செய்யத்தக்கது

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பல அழிந்து வீட்டு மனைகளாயின. மக்கள் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தனர். சில இடங்களில் தோட்டம் மறைந்தபின்னும் கோயில் நிற்கிறது. திருவிழா நாளில் பழைய தோட்டத்தார் பல ஊர்களிலிருந்து வந்து கூடுகின்றனர். வேறு எந்த நாளிலும் ஒருவரையொருவர் காணாதவர்கள் அந்நாளில் உறவுமுறை சொல்லி அழைத்துக்கொள்கின்றனர். பெயர்ப்பலகையிலும் வரைபடத்திலும் இல்லாத ஒரு தோட்டம் அந்த ஒருநாள் மீண்டும் ஊராகிறது.

ஆசிரியப் பெருமக்களுக்கு நாம் முன்வைப்பது எளிய பணி. மாணவர்கள் தத்தம் பாட்டன் பாட்டியரிடம் விழாச் சொற்களைக் கேட்டுத் தொகுக்கட்டும். சொல்லின் பொருளோடு நின்றுவிடாமல், யார் கொடுத்தார், யார் வாங்கினார், யார் முன்னே நின்றார், யார் வெளியே நின்றார் என்றும் கேட்கட்டும். ‘தலைக்கட்டு’, ‘பிடிமண்’, ‘காளாஞ்சி’ போன்ற சொற்களை அறிந்த தலைமுறை குறைந்துவருகிறது. பெருமையான செய்திகளை மட்டும் எழுதிக்கொண்டு, விலக்கப்பட்டோரின் நினைவுகளை விட்டுவிட்டால், தொகுப்பு பாதியாகவே அமையும்.

மாணவர்கள் மற்றொன்றையும் எண்ணிப் பார்க்கலாம். இன்று தமிழ்நாட்டிலிருந்து கட்டுமானத்துக்கும் தொழிற்சாலைக்கும் வந்து, விடுதிகளில் தங்கி உழைக்கும் தமிழர் பலர் இங்குள்ளனர். நம் கோயில் விழாக்களில் அவர்கள் நிற்கின்றனர். காவடிக்கும் தீமிதிக்கும் வந்து சேர்கின்றனர். நம் முன்னோர் வரிசை வீடுகளில் இருந்த நிலையில் அவர்கள் இன்று இருக்கின்றனர். அவர்களுடைய ஊரும் கடலுக்கு அப்பால்தான் உள்ளது. திருவிழாக் குழுக்கள் இவ்வாண்டு கணக்கெழுதும்போது அவர்களை ஊராராக எண்ணுமா, வேடிக்கை பார்ப்போராக எண்ணுமா என்பது இனி நாம் விடை கூற வேண்டிய வினா.